யாரும் பேசாத மூன்று நிமிடம்

என் தங்கை பிரிசில்லாவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. கைகளால் பேசுவாள். அந்தப் பேச்சு முழுதாகத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். அம்மாவுக்குச் சோறு, தண்ணி, துணி, கோயில் என்ற அளவுக்குத்தான் வரும். அதனால் பிரிசி தன் ரகசியங்களை வைப்பதற்கு என்னை விட்டால் வேறு இடமில்லை.

2006இல் அவள் வைத்த ரகசியத்தின் பெயர் பாண்டியன். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு போகிறவன். கடலூர் முதுநகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவளுக்காகக் கைப்பேச்சு கற்றுக்கொண்டிருந்தான். வேறு மதம், வேறு சாதி. அம்மாவிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்றும் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

நான் வாய் திறக்கவில்லை. எழுதினேன்.

அப்போது நான் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் இடம். முதலாளியின் மகன் நடனசபாபதி என் வயதுக்காரன். அவனுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெளிநாட்டுப் படத்தின் டிவிடிப் பெட்டிகளை அனுப்பியிருந்தான். மூன்று பாகமாக வந்த படம். அரசர்கள், குதிரைகள், பனிமலை, சபிக்கப்பட்ட ஒரு கோட்டை. தியேட்டருக்கு வந்ததைவிட ஒவ்வொரு பாகமும் முக்கால் மணி நேரம் நீளம். பாண்டிச்சேரியில் பார்த்த அதே படம்தான், ஆனால் வேறு படம். தியேட்டருக்காக வெட்டியதில் பெரும்பகுதி மௌனம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் செத்தவனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். குதிரைகள் பனியில் போய்க்கொண்டே இருக்கும். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். எனக்கு அந்த இடங்கள்தான் பிடித்தன.

பிரிசிக்கு இங்கிலீஷ் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரில் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் எழுதினேன். எந்த நொடியில் எந்த வரி வர வேண்டும் என்று குறித்து, படத்தின் அடியில் எழுத்து ஓடும்படி செய்யச் சபாபதி கற்றுக்கொடுத்தான். நீளப் பதிப்பு ஒரே டிஸ்கில் அடங்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு டிஸ்க், இரண்டுக்கும் தனித்தனி ஃபைல்.

வசனம் இல்லாத இடங்களை முதலில் காலியாகத்தான் விட்டேன். பிறகு, அங்கே என்ன சத்தம் கேட்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள் என்று தோன்றியது. 'இப்போது காற்று, தூரத்தில் ஒரு மணி' என்று எழுதினேன். சில வாரங்களில் அது பேச்சாக மாறிவிட்டது. அவளைக் கேலி செய்வேன், அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவேன், நேரில் சொல்ல வராததையும் எழுதுவேன். வீட்டில் படம் ஓடும்போது அம்மாவும் கூடவே இருப்பார். எழுத்துக் கூட்டித்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். ஓடும் வரி பிடிபடாது. அம்மாவின் எதிரிலேயே நானும் அவளும் பேசிக்கொள்வோம். பிரிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மா குதிரையைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாம் பாகத்துக்கான டிஸ்குகளைப் பொங்கலுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் சபாபதி போன் செய்தான்.

"மச்சான், ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ். காணும் பொங்கல் அன்னிக்கு மத்தியானம் மாமா சேனல்ல பாரு."

கடலூரில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறவர் அவனுடைய மாமா. டிவியைப் போட்டேன். இரண்டாம் பாகம் ஓடியது. அடியில் என் தமிழ். என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டான் என்று கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. ஆனால் முதல் மௌனம் வந்தபோது திரையில் எழுத்தே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பிரிசி என்னைப் பார்த்து, என் வரிகள் எங்கே என்று கேட்டாள். இது ஊருக்கு, உனக்குத் தனி என்றேன். மூச்சு விட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

எதிர்வீட்டு மங்கலம் அக்கா கரும்புத் துண்டோடு வந்து உட்கார்ந்தார். "இன்னாக்கா, ஒண்ணும் புரியாமயே பாத்துனு இருக்கீங்க? நான் படிக்கிறேன் இருங்க" என்று அம்மாவுக்காகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

நடுவில் திரை ஒரு நொடி கறுத்தது. இரண்டாவது டிஸ்க். பனியில் குதிரைகள். யாரும் பேசாத மூன்று நிமிடம்.

"'பிரிசி, இப்ப காத்து மட்டும்தான்'... ஐய, நம்ம பிரிசி பேரு வருதுக்கா! 'ஒன் பாண்டியன் இதுல ஏறுனா அந்தாண்ட விழுந்துடுவான்.' யாரு பாண்டியன்? அந்தக் கம்பெனிக்காரப் பையனா?"

நான் எழுந்து டிவியை மறைத்தேன். தோளுக்கு மேல் அடுத்த வரி ஓடியது. மங்கலம் அக்கா தலையைச் சாய்த்து அதையும் படித்தார். படிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்.

"'சனிக்கிழமை சில்வர் பீச்சுல அவன்கூட ஒக்காந்திருந்தியே, பாத்தேன். பயப்படாத. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.'"

டிவியை அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டில், தெரு முனையில் என்று அதே இசை ஓடிக்கொண்டிருந்தது. அது கேட்டது எனக்கு. பிரிசிக்குக் கேட்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சிதம்பரம் போனேன். சபாபதி சென்டரைத் திறந்துகொண்டிருந்தான்.

"வா மச்சான்! மாமாவுக்கு ஒரே போனு. மறுபடியும் போடுன்றாங்களாம்."

"அதுல பிரிசிக்கு எழுதுனதும் வந்துச்சுடா. ஊரே படிச்சுது."

ஷட்டரைப் பாதியில் விட்டான். "அய்யய்யோ. ரெண்டாவது டிஸ்கா? மொத டிஸ்குல ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன்டா. அதுக்கு வேற ஃபைல்னு தோணவே இல்ல. மாமா வேற அவசரப்படுத்திட்டாரு."

அவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். எடுத்தேன் என்கிறான். அப்படியானால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்தே எடுத்திருக்கிறான். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான்.

"அப்ப எல்லாத்தையும் படிச்சிருக்க."

"நீதானடா படிக்கச் சொன்ன?"

சொன்னேன்தான். போன நவம்பர் மாதம், ஒரு மழை நாள். ஒரே ஒரு வரியை நானே கூப்பிட்டு அவனுக்குக் காட்டினேன். செத்தவனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி பிரிசிக்கு எழுதிய வரி. சபாபதி அதை இரண்டு முறை படித்தான். பிறகு, "நீ எழுத்தாளன்டா" என்றான். அந்தச் சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிரிசி என் வரிகளுக்குச் சிரித்தாள், அழுதாள். அப்படி ஒரு பட்டம் அவள் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஃபைலை அவன் கண்ணில் படும்படி விட்டுவிட்டுப் போனேன். பாண்டியனைப் பற்றி எழுதும்போதும், இவன் படிப்பான் என்று தெரிந்துதான் எழுதினேன்.

"மச்சான், கோவமா?" என்றான். திரும்பி நடந்தேன்.

வீட்டில் அம்மா சமைக்கவில்லை. பிரிசி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சபாபதிதான் கொடுத்தான், என்னைக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

திருடினான் என்று சொல்லியிருக்கலாம். நான் காட்டினேன் என்றேன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். காது கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். அவள் கண்ணை மூடினால் அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கத் தூக்கிய கைகளோடு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாண்டியன் தன் அண்ணனோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் பிரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைச் சொல்வது என் வேலை. அன்றும் எழுந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்துப் பாண்டியனைக் காட்டினாள்.

அவள் வேகமாகப் பேசினாள். அம்மா சம்மதிக்காவிட்டாலும் இவனைத்தான் கட்டிக்கொள்வேன், இனி இந்த வீட்டில் யாரையும் நம்ப மாட்டேன் என்றாள்.

பாண்டியன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க சம்மதிச்சாத்தான் கட்டிக்குவேன்னு சொல்லுதுங்க" என்றான்.

அவனுக்குப் புரியவில்லையா, புரிந்தே மாற்றினானா தெரியவில்லை. அவனை விட்டால், அந்த அறையில் அது தவறு என்று தெரிந்தவன் நான் மட்டும்தான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதபடியே தலையாட்டினார். பிரிசி அம்மாவையும் பாண்டியனையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் என் பக்கம் திரும்புவாள்.

திரும்பவில்லை. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.