சொல்லாமல் விட்ட வேலை

1922ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் ராமலட்சுமியின் கூடை அவள் இல்லாமலே மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தது. ஆள் முதுகு உயரத்தில் மிதந்தபடி செடி நிரைக்குள் நுழையும். இரண்டு இலையும் மொட்டுமாகக் கொழுந்து தானாகக் கிள்ளுப்பட்டு அதற்குள் விழும். மாலையில் நிறுவைக்கு வந்து, இடிக்காமல் தள்ளாமல் வரிசையில் நிற்கும். அந்த வருடம் நமுனுகுலப் பக்கம் மழை பிந்தியது, பதுளைக் கடைகளில் அரிசி விலை ஏறியது, இதுவும் நடந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் முந்தின மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர். ஒரு வேலைக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது, அதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகமாம். அப்படி ஓர் உத்தியோகம் இருக்கும் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஆள் குறைக்க வந்தவர் என்றார்கள் சிலர். வரி போட வந்தவர் என்றார்கள் மற்றவர்கள். எல்லாருமாகச் சேர்ந்து அவருக்குக் கேள்வித் துரை என்று பேர் வைத்தார்கள்.

வேலையைப் பற்றி யார் கேட்டாலும் பாதிதான் சொல்வது அந்தத் தோட்டத்து வழக்கம். முழுதும் சொன்னால் அடுத்த மாதம் அதற்கு மேலே கேட்பார்கள் என்பது பட்டு அறிந்த பாடம். ராமலட்சுமி மட்டும் முழுதும் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை, புருஷன் லிங்கம் உட்பட. சரிவில் எந்தக் காலை ஊன்றுவது, கயிற்றைத் தலையில் எங்கே மாட்டுவது, கை நிற்காமல் அட்டையை எப்படி உதறுவது என்று பூரித்துப்போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுநாள் விடியற்காலை ஆள் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் கிளம்புமுன், கூடை ஆணியிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

பக்கத்துக் காம்பரா பரிமளம் வழக்கப்படி பாதி சொல்லியிருந்தாள். அவளுடைய கூடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பாதி சொல்வதே புத்தி என்று அன்றோடு எல்லாருக்கும் உறுதியாயிற்று.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். அதை யாருக்குப் போடுவது என்று கங்காணி சண்முகராஜாவுக்குக் குழப்பமே இல்லை. "வேல செஞ்சது கூடதானே? அதுக்கே போடு" என்றுவிட்டார். ராமலட்சுமி வீட்டுக்குச் சம்பளம் வந்தது, அவள்மேல் சந்தேகமும் வந்தது. நம்மை விற்றுவிட்டாள் என்று, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். கங்காணிக்கு இதில் ஏதோ கிடைக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள். கிடைத்திருக்கும் என்றுதான் இதைச் சொல்பவருக்கும் படுகிறது.

அந்த மாதக் கடைசியில்தான் அங்கம்மா விஷயம் தெரிந்தது. இவள் அடுத்த நிரைக்காரி, விதவை, கால் வீங்கி மூச்சு வாங்குகிறவள். நாள் தவறாமல் முழுப் பேர் வாங்கியவள் திடீரென்று அரைப் பேருக்கு இறங்கினாள். அரைப் பேர் தொடர்ந்தால் பேரேட்டிலிருந்து ஆளை வெட்டிவிடுவார்கள், ஆளை வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். அவளுக்குப் போக்கிடம் இல்லை. இத்தனை வருடமாக ராமலட்சுமி தன் நிரையிலிருந்து பிடிபிடியாக அவள் கூடையில் போட்டு வந்திருக்கிறாள். தோட்டத்துச் சட்டப்படி அது களவு. அதனால் கேள்வித் துரையிடம் அதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததைக் கூடையும் செய்யவில்லை.

கூடையைப் பார்க்கக் கேள்வித் துரை மறுபடி வந்தார். லயமே ராமலட்சுமியின் பின்னால் கூடி நின்றது. சொன்னால் கூடை இதையும் செய்யும், ஆனால் இரண்டு பேரையும் வெட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அங்கம்மா தெருவில் நிற்பாள்.

"வேற ஒண்ணும் விட்டது இல்லையா?" என்று துரை தோட்டத் தமிழில் கேட்டார்.

"இல்லீங்க தொரை. எல்லாம் சொல்லிட்டேன்."

"இப்போ நீ என்ன வேலை செய்றது?"

"சும்மா இருக்கேங்க."

அதற்குமேல் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. திருப்தியாக வண்டி ஏறினார். பின்னால் நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மறுநாள் ராமலட்சுமி வெறுங்கையோடு மலைக்குப் போய் அங்கம்மாவின் நிரையில் நின்றாள். இரண்டு கையாலும் பறித்து அங்கம்மாவின் கூடையில் போட்டாள். கங்காணி கத்திக்கொண்டு வந்தார். "பேரு இல்லாத ஆளுக்கு மலையில என்ன வேல?"

"வேல இல்லீங்க ஐயா. சும்மாதான் நிக்கிறேன்."

தன் கூடைக் கொழுந்தை அடுத்தவளுக்குக் கொடுப்பதுதான் குற்றம். இவளிடம் கூடையே இல்லை. கங்காணி வேறு நிரையில் யாரையோ திட்டப் போனார். அன்று சாயங்காலம் பீலியடியில் பரிமளம் தன் குடத்தை எடுத்து ராமலட்சுமிக்கு இடம் விட்டாள்.

அங்கம்மா சாகும்வரை முழுப் பேர் வாங்கினாள். 1927இல் அவள் செத்த அன்று லயத்தில் அடுப்பு எரியவில்லை, ஒருவரும் மலை ஏறவில்லை. ராமலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூடை மட்டும் வழக்கம்போல வேலைக்குப் போயிற்று. துக்கம் இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சாயங்காலம் நிறுவைக் கொட்டகையில் அது தனியாக வந்து நின்றது. கணக்கப்பிள்ளை நிறுத்து, பேர் போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்.