நாலு பெயர் கொண்ட சனிக்கிழமை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மகாராஜா அண்ணாச்சிக்கு ஒரு பாத்திரக் கடை இருந்தது. உருளி, நிலவிளக்கு, எவர்சில்வர் தூக்கு, இட்லிக் கொப்பரை என்று எல்லாம் கிடைக்கும். வாங்கிய பாத்திரத்தில் அங்கேயே பேரும் வெட்டித் தருவார்கள். ஆற்றிங்கலில் இரண்டாவது கடை திறந்து அங்கே உட்காரப் போனபோது, பித்தளைப் பகுதியில் நின்று வியாபாரம் பார்த்துவந்த தாணுலிங்கத்தை அண்ணாச்சி இந்தக் கடைக்கு மேனேஜர் ஆக்கினார்.

கடையில் மற்றவர்கள் நாலு பேர். எவர்சில்வர் பகுதியில் உலகம்மை. பேர் வெட்டும் மிஷினில் ராகேஷ். பில் போட நீது. மாடிக் குடோனிலிருந்து சரக்கு இறக்க சொரிமுத்து. ஐந்து பேரும் மத்தியானம் குடோனில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அங்கே இருந்த ஒரே ஸ்டூலுக்காகத் தாணுலிங்கமும் சொரிமுத்தும் தினமும் சண்டை போடுவார்கள்.

மேனேஜரான முதல் நாள் தாணுலிங்கம் டிபன் டப்பாவோடு மாடியேறினான். சொரிமுத்து எழுந்து ஸ்டூலைத் துடைத்து நகர்த்திப் போட்டான். இத்தனை காலம் "தாணு" என்றே கூப்பிட்ட உலகம்மை, "சாருக்குக் கொஞ்சம் அவியல் வைக்கட்டா?" என்று கேட்டாள். அந்த ஸ்டூலில் தாணுலிங்கத்தால் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டான். நான் மாறவில்லை என்று இவர்களுக்குக் காட்டியாக வேண்டும். யார் எதைக் கேட்டாலும் சரி என்றே சொல்ல வேண்டும்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் முதலில் வந்தவன் ராகேஷ். திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சில் பாதி மலையாளம்.

"அண்ணே, ஓணத்துக்கு முந்தின சனி எனக்கு லீவு வேணும். கூட்டுகாரங்க எல்லாரும் பைக்கில போனக்காடு மலைக்குப் போறோம். இல்லன்னு பறயல்லே, ப்ளீஸ்."

"போயிட்டு வா மக்கா. வேற யார்ட்டயும் சொல்லாத."

இரண்டு நாள் கழித்து உலகம்மை வந்தாள். தங்கை மகளுக்கு நாகர்கோவிலில் நிச்சயதார்த்தம், ஆவணி பதினாலாம் தேதி. பெரியம்மா இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்களாம்.

"அதுக்கு என்னக்கா, தாராளமா போங்க. வெளிய சொல்லவேண்டாம், உங்களுக்குன்னுதான்."

பிறகு நீது. "சேட்டா, ஆகஸ்டு முப்பது எனக்கு பி.எஸ்.சி. பரீட்ச உண்டு" என்று பாதித் தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் முடிப்பதற்குள் தாணுலிங்கம் தலையாட்டிவிட்டான். கடைசியாக சொரிமுத்து, போனஸ் கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் வள்ளியூர் வரைக்கும் போய் ஒரு பழைய பைக்கைப் பார்த்துவர வேண்டும் என்றான். அதற்கும் சரி, உனக்கு மட்டும்தான் என்றான் தாணுலிங்கம்.

நாலு பேருக்கும் முகம் மலர்ந்தது. தாணுலிங்கத்துக்கு அதைவிட மலர்ந்தது. மேனேஜர் வேலை என்றால் பெரிய கஷ்டம் என்கிறார்களே, அப்படி ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

ஓணக் கூட்டம் ஏறத் தொடங்கிய வாரத்தில், புதன்கிழமை சாயங்காலம், அண்ணாச்சி போனில் வந்தார்.

"வாற சனிக்கிழமை கூட்டம் அள்ளும்டே. ஆளெல்லாம் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"பேர் வெட்டுற மிஷின்ல யாரு?"

"ராகே..." என்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓணத்துக்கு முந்தின சனி என்பது இந்தச் சனிதான்.

"யாருடே?"

"ராகேஷ்தான் அண்ணாச்சி, வழக்கம்போல."

"பில்லுக்கு?"

"நீது..." தாணுலிங்கத்தின் கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. சனிக்கிழமைக் கட்டத்தில் பெரிய எழுத்தில் முப்பது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆவணி பதினாலு.

"உலகம்மை இருந்தாப் போதும்டே, அது நாலாளுக்குச் சமம்" என்றார் அண்ணாச்சி. பதில் வராததால், "ஹலோ? லைன் கட்டாகுதா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. இங்க நல்ல மழை."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை நான் வந்து எல்லாருக்கும் போனஸ் குடுக்கேன், சொல்லிரு" என்று அண்ணாச்சி போனை வைத்தார். போனஸுக்கு முந்தின நாள் என்ற சொரிமுத்துவின் கணக்கும் அதோடு தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை கடையில் இருக்கப்போவது தாணுலிங்கமும் உருளிகளும்தான்.

நேரே கூப்பிட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. யாராவது தானாகவே போகவில்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று வியாழக்கிழமை முழுக்க முயன்று பார்த்தான். சொரிமுத்துவிடம் போய், சனிக்கிழமை வள்ளியூர்ப் பக்கம் கனமழையாம் என்றான்.

"நல்லதுண்ணே. மழையில வாங்க ஆள் வராது, வெலையைக் குறைப்பான்" என்றான் சொரிமுத்து சந்தோஷமாக.

ராகேஷிடம் போனக்காட்டில் அட்டைப்பூச்சி மொய்க்கும் என்றான். உப்பு வாங்கியாயிற்று என்று அவன் பையைத் திறந்தே காட்டினான். உலகம்மையிடம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள், "நிச்சயத்துக்குக் கிண்டுற மைசூர்பாகில ஒரு டப்பா உங்களுக்குன்னு சொல்லிட்டேன் சார். நீங்க லீவு தந்தீங்கன்னு தங்கச்சி சந்தோஷத்துல அழுதுட்டா" என்றாள். தாணுலிங்கம் திரும்பிப் போய் ஒரு நிலவிளக்கைத் துடைத்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த விளக்கு அது.

கரமனையில் இருந்த வீட்டுக்குப் போய் மனைவி நீலாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தோசைக்கல்லைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாலு பேருக்கும் சரின்னு சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"அப்போ லீவு அவங்களுக்குக் குடுக்கல்ல, உங்களுக்கே குடுத்துக்கிட்டீங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள். "நாளைக்குக் காலையிலயே சொல்லிருங்க. சாயங்காலம் சொன்னா இன்னும் கெட்டுப்போகும்."

வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, நாலு பேரையும் உள்ளே நிறுத்தி, தாணுலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு காரியம் சொல்லணும். நாளைக்கு உங்க நாலு பேருக்கும் லீவு குடுத்திருக்கேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு மட்டும்னுல்லா சொன்னீங்க?" என்றான் சொரிமுத்து.

"எல்லார்ட்டயும் அப்படித்தான் சொன்னேன். அந்த நாளுக்கு ஆளுக்கொரு பேர் சொல்லிக் கேட்டீங்க, எல்லாம் ஒரே நாளுன்னு நான் பாக்கல்ல. பாத்திருக்கணும். இல்லைன்னு சொன்னா உங்க மொகம் வாடிருமேன்னு பயந்து, யோசிக்காம சரி சரின்னு சொன்னேன். தப்பு என்மேலதான்."

முதலில் சிரித்தது நீது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அது உலகம்மைக்குத் தொற்றியது. "அடப்பாவி தாணு, ஆளில்லாத கடையில அண்ணாச்சி வந்து நின்னா என்ன செய்வே?" என்று கண்ணைத் துடைத்தாள். சார் என்ற சொல் அந்தச் சிரிப்பில் எங்கேயோ விழுந்துபோயிருந்தது.

ராகேஷ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ யாருக்கு லீவு?" என்று கேட்டான்.

தாணுலிங்கம் ராத்திரி யோசித்து வைத்ததை அப்படியே சொன்னான். "பரீட்சையை மாத்த முடியாது, நீது போகட்டும். நிச்சயதார்த்தத்தையும் மாத்த முடியாது, அக்கா போகட்டும். பைக்கு அடுத்த வாரமும் நிக்கும், போனக்காடும் அங்கேயேதான் இருக்கும். நீயும் சொரிமுத்தும் வரணும்."

"ஞானல்லே முதல்ல கேட்டது?"

"ஆமா, நீதான் முதல்ல கேட்டே. கோபப்பட உனக்கு நியாயம் இருக்கு. ஆனாலும் நாளைக்கு லீவு இல்ல."

இல்லை என்ற சொல் வெளியே வந்துவிட்டது. கடை இடிந்து விழவில்லை. ராகேஷ் மட்டும் மிஷின் பக்கம் போய்விட்டான். சொரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "சரிண்ணே, பைக்குக்காரன்ட்ட பேசிக்கிடுதேன்" என்றான்.

நீதுவுக்கு மனசு கேட்கவில்லை. "சேட்டா, பரீட்ச உச்சி நேரத்துக்குத்தானே. பதினொரு மணி வரை பில் போட்டுட்டுப் போகட்டா?"

தாணுலிங்கத்துக்குச் சபலம் தட்டியது. அவள் வந்தால் எவ்வளவு சுலபம். "வேண்டாம். வீட்ல இருந்து படி. பில் நான் போடுதேன்" என்றான். இரண்டாவது தடவை மறுத்துச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை.

சனிக்கிழமை அண்ணாச்சி சொன்ன மாதிரியே கூட்டம் அள்ளியது. தாணுலிங்கம் ஒரு கையால் பில் போட்டு, இன்னொரு கையால் குக்கர் மூடியைத் திறந்து காட்டினான். சொரிமுத்து மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் வேர்வையில் நனைந்துபோனான். இடையில் ஒரு அம்மாளுக்குப் பாயசம் வைக்க எந்த உருளி நல்லது என்று தன் இஷ்டத்துக்கு விளக்கி, இருப்பதிலேயே பெரியதை விற்றும்விட்டான். ராகேஷ் காலையிலிருந்து மிஷினை வெறியோடு அழுத்திக்கொண்டிருந்தான். அது கிர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. அவன் முன்னால் பேர் வெட்ட வேண்டிய பாத்திரங்கள் முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன.

மத்தியானம் வலியசாலைத் தெருவிலிருந்து பஞ்சாபகேசன் என்ற பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"பேத்தி ஆர்யாவுக்கு ஆண்டு நிறைவு. வரவாளுக்கு ஆளுக்கொரு குங்குமச் சிமிழ் தரதா இருக்கோம். அம்பது வேணும். எல்லாத்துலயும் குழந்தை பேரை வெட்டி இன்னிக்குச் சாயங்காலமே தந்துடணும்."

நல்ல வியாபாரம். போன வாரம் வரைக்கும் இந்த மாதிரி எது வந்தாலும் தாணுலிங்கம் தந்துடலாம் சார் என்று பணத்தை வாங்கிப் போட்டுவிடுவான். ராகேஷ் கடை சாத்திய பிறகும் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருப்பான். மிஷின் சத்தம் நின்றது. ராகேஷ் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசேஷம் என்னைக்கு சார்?"

"புதன்கிழமை."

"அப்போ திங்கக்கிழமை காலைல தந்திருதேன். இன்னைக்கு முடியாது."

"என்னது, முடியாதா? பக்கத்துக் கடையிலே இப்பவே பண்ணித் தருவான்."

"இன்னைக்கு முடியாது சார். ஏற்கெனவே வாங்கி வச்சது அவ்வளவு கெடக்கு."

பெரியவர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐம்பது சிமிழ் கண்ணெதிரே நடந்து போவதைப் பார்த்தபோது தாணுலிங்கத்துக்குக் கூப்பிட்டுவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பில்லைப் போட்டான்.

பஞ்சாபகேசன் சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

"எல்லாரும் இப்பவே தரேன், இப்பவே தரேன்கறான். இப்படித்தான் தையல்காரனும் சொன்னான். பாவாடை இன்னும் வந்தபாடில்லை. நீர் திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமைதானே?"

"திங்கக்கிழமைதான் சார்."

"எழுதிக்கொள்ளும். ஆர்யா. நெடில் ஆ."

மிஷின் மறுபடி கிர்ரென்றது. இப்போது அந்தச் சத்தத்தில் காலையிலிருந்த வெறி இல்லை என்று தாணுலிங்கத்துக்குத் தோன்றியது. ஒருவேளை அவனாகவே அப்படி நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

கடை சாத்தும் நேரத்தில் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. சொரிமுத்து தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். தாணுலிங்கம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்காக நின்றான். ராகேஷ் பைக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே, "ஏறுங்க" என்றான்.

கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றபோது ராகேஷ் வாயைத் திறந்தான்.

"எனக்கு இன்னும் கோபம் போகல்ல, கேட்டேளா."

"போகவேண்டாம். நேரம் எடுத்துக்கோ."

"அந்த அய்யரை நீங்க திருப்பி அனுப்பினது பார்த்தேன். அது அடிபொளி."

"பல்லைக் கடிச்சிட்டுல்லா நின்னேன்."

"அதும் பார்த்தேன்." சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "கூட்டுகாரங்க நானில்லாம போக மாட்டோம்னு பறஞ்சாங்க. ஓணம் கழிஞ்சு அடுத்த சனிக்கு மாத்தியாச்சு. லீவு உண்டா?"

தாணுலிங்கம் உடனே சரி என்று சொல்லப்போனான். நாக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு மிஷின்ல யாரு இருப்பா?"

"சொரிமுத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம்னு நினைக்கேன். அவன் கை நிக்கும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் நேரா ஒரு பேர் வெட்டிக் காட்டட்டும். காட்டினா நீ போலாம். இல்லைன்னா கெடையாது."

"ஓ, அப்படியா? திங்கக்கிழமையே காட்ட வைக்கேன்" என்று ராகேஷ் பைக்கை முறுக்கினான். கரமனைப் பாலத்தில் தேங்கியிருந்த தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி, மேனேஜரின் வேட்டியை இடுப்பு வரைக்கும் நனைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் திட்டினான். முன்னால் இருந்தவன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.