ஒரே முகவரியில் ஏழு வாக்குகள்

கொழும்பிலிருந்து வந்த செய்தி சுருக்கமாக இருந்தது. ஒரே முகவரியிலிருந்து ஏழு பட்டியல்கள் வந்திருக்கின்றன. ஒரு முகவரிக்கு ஒரு வாக்கு என்பது விதி என்பதால் ஏழும் நீக்கப்படுகின்றன. விரும்பினால் எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் அனுப்பலாம், அது ஒரு வாக்காகக் கணக்கிடப்படும்.

லியனார்ட் அதைத் தலவாக்கலை ஓட்டோ தரிப்பிடத்தில் நின்றபடி வாசித்தார். தன் ஓட்டோவில் ஏற வந்த பெண்ணிடம், "பின்னால நிக்கிற வண்டியில போங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாசித்தார்.

விஷயம் சால்ட் மில் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவைப் பற்றியது. எழுபதுகளில் ஆறு அல்பங்களை வெளியிட்டுவிட்டுக் கலைந்துபோன குழு. இலங்கையில் அதற்கு இன்றும் சில நூறு ரசிகர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கொழும்புக்காரர்கள், தலை நரைத்தவர்கள். அவர்களுடைய சங்கம் இந்த வருடம் அந்த ஆறு அல்பங்களையும் வரிசைப்படுத்த ஒரு வாக்கெடுப்பு வைத்தது. ஆறையும் முழுதாகக் கேட்ட எவரும் தன் பட்டியலை அனுப்பலாம்.

இப்படியான எல்லா வரிசைகளிலும் 'கோல்ட் கிச்சன்' முதலிடத்துக்கு வரும். விமர்சகர்கள் அப்படிப் பழக்கிவிட்டார்கள். கடைசியாக வந்த 'பேப்பர் ஹோர்ஸஸ்' எப்போதும் கடைசியில் கிடக்கும். நடனமாடுகிறவர்களுக்காகச் செய்த அல்பம், துரோகம் என்பார்கள். லியனார்டுக்கு இரண்டைப் பற்றியும் கவலையில்லை. அவருடைய அல்பம் 'நோர்த் பியர்'. வாலிப வயதில் ஹட்டனில் ஒரு கசெட் கடையில் அதைக் கேட்டதிலிருந்து, உலகத்தில் அதை விடச் சிறந்த ஒன்று செய்யப்படவில்லை என்பது அவருடைய முடிவு. இந்தத் தடவை அதை முதலிடத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினார். அதற்காகத்தான் தான் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் ஆறு பேரைப் பிடித்தார்.

பிடித்த இடத்திலேயே பிசகு தொடங்கியது.

லியனார்டின் வீடு லிந்துலைக்கு மேலே கிரேன்லி தோட்டத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லயத்தின் நடு வீடு. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் போடும் பாட்டு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். பக்கத்து வீட்டு வீரம்மா, மலையில் கொழுந்து எடுப்பவர், இருபது வருடமாக சால்ட் மில்லைக் கேட்டு வந்திருக்கிறார். கேட்க விருப்பமா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

"வீரம்மா அக்கா எப்படி மச்சான் ரசிகராவாங்க?" என்று லியனார்டின் கூட்டாளி கஜேந்திரன் மறித்தார். "ஒரு பாட்டோட பேரு தெரியாது அவங்களுக்கு."

"பேரு தெரியலேன்னா காதுல விழாதா?" என்றாள் சுலக்ஷனா. தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்பவள். ஏழு பேரில் வயது குறைந்தவள் அவள்தான். "ஆறையும் முழுசா கேட்டிருக்கணும்கிறதுதானே விதி. நாமளாவது பிடிக்கலேன்னா எந்திரிச்சு வெளிய போயிருவோம். அக்காவுக்கு அதுக்கும் வழியில்ல."

வீரம்மாவை லியனார்ட் சேர்த்துக்கொண்டது, தான் சொல்வதற்குத் தலையாட்டுவார் என்ற நம்பிக்கையில். வீரம்மா தலையாட்டவில்லை. ஒவ்வொரு அல்பத்தையும் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னார். 'நோர்த் பியர்' தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"இது கடைசி."

"அக்கா, முழுசா கேளுங்க."

"முழுசா கேட்டதுனாலதான் தம்பி சொல்றேன். இது ஆரம்பிச்சா முடியாது. அரிசி வெந்து கொழைஞ்சு போயிரும், அந்த ஆளு இன்னும் கிட்டாரத் தடவிக்கிட்டு இருப்பான். ஒன்கிட்ட அந்தக் குதிர படம் போட்டது ஒண்ணு இருக்கே, அத மேல போடு. வந்தான், சொல்ல வேண்டியதச் சொன்னான், போயிட்டான்."

குதிரைப் படம் போட்டது 'பேப்பர் ஹோர்ஸஸ்'. கஜேந்திரன் தலையில் கை வைத்தார். சுலக்ஷனா தன் பட்டியலைக் காட்டினாள். அதிலும் அதுவே முதலிடம்.

"நீயுமா?" என்றார் லியனார்ட்.

"நான் காரணத்தோட போட்டிருக்கேன் அண்ணே. அந்த அல்பத்துல கீபோர்ட் வாசிக்க ஒரு பொண்ணு வந்தா. அதுக்கப்புறம்தான் எல்லாரும் துரோகம்னு கத்த ஆரம்பிச்சாங்க. கேட்டா தாளம் சரியில்லம்பாங்க. தாளம் முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. ட்ரம்ஸ் வாசிச்சவன் அதே ஆளு."

"பாட்டுல நல்லது கெட்டது பாக்கணும், பொம்பளையா ஆம்பளையான்னு பாக்கக்கூடாது."

"அதத்தான் அண்ணே நானும் அவங்ககிட்ட சொல்றேன்."

அன்று முழுவதும் சண்டை போட்டார்கள். முடிவில் முதலிடத்துக்கு மூன்று பேர் 'பேப்பர் ஹோர்ஸஸ்' என்றார்கள், இரண்டு பேர் 'கோல்ட் கிச்சன்' என்றார்கள். 'நோர்த் பியர்' அல்பத்துக்கு லியனார்டும் கஜேந்திரனும் மட்டும். ஏழு பட்டியல்களையும் சுலக்ஷனாவின் கைபேசியிலிருந்து அனுப்பினார்கள். முகவரி என்ற இடத்தில் ஏழு பேரும் எழுதியது ஒன்றுதான்: கிரேன்லி தோட்டம், மேல் டிவிசன், லிந்துலை. எழுதுவதற்கு அவர்களிடம் வேறொன்று இல்லை. வீதிப் பெயர் கிடையாது, கதவுக்கு இலக்கம் கிடையாது. அடையாள அட்டையிலும் அதுதான் இருக்கிறது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, சில சமயம் வந்து சேரும்.

தரிப்பிடத்திலிருந்தே லியனார்ட் கொழும்புக்கு அழைத்தார். சங்கத்தில் வாக்குகளை எண்ணும் பொறுப்பு பிரியந்தி என்பவருக்கு. இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்.

"தோட்டம்னா எத்தனை வீடு இருக்கும்?" என்று கேட்டார் பிரியந்தி.

"எங்க டிவிசன்ல மட்டும் நூத்துக்கு மேல."

"எல்லாத்துக்கும் ஒரே முகவரியா?"

"ஆமா."

பிரியந்தி கெட்ட மனுஷி இல்லை. போன வருடம் ஒருவர் தன் வீட்டு நாயின் பெயரில்கூட வாக்குப் போட்டிருந்தார், அதனால்தான் விதியே வந்தது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதைச் சொல்லக்கூடாதுதான். கோல்ட் கிச்சனும் நோர்த் பியரும் இப்போ சமமா நிக்குது. வாக்கெடுப்பும் முடியப்போகுது. நீங்க கூட்டுப் பட்டியல் ஒண்ணு அனுப்பினா, நீங்க எதை மேல வைக்கிறீங்களோ அது ஜெயிக்கும். உங்க பேர்லயே அனுப்பலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

மாலையில் லியனார்ட் எல்லோரையும் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். பிரியந்தி சொன்னதை ஒன்றும் மறைக்காமல் சொன்னார், சமமாக நிற்பது உட்பட.

"அப்புறம் என்ன மச்சான்?" என்றார் கஜேந்திரன். "நீ முப்பது வருசமா கேட்டது கைக்கு வந்திருக்கு. உன் பட்டியல அனுப்பு. ஜெயிச்சோம்னு டீ குடிப்போம்."

"அனுப்புங்க அண்ணே," என்றாள் சுலக்ஷனா. "என் பேர மட்டும் எடுத்துருங்க."

"கூட்டுப் பட்டியல்ல என் பேரத் தவிர வேற யாரு பேரும் வராதாம்."

"அப்ப இன்னும் நல்லது. நாங்க இல்லாமலே எங்கள எண்ணிருவாங்க."

வீரம்மா படியில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போவேன்," என்றார். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டம். "அங்க பேரு கூப்பிடுவாங்க. நான்தான் போயி நிக்கணும். லியனார்ட்டு தம்பி எனக்கும் சேத்து நிக்கிறான்னு சொன்னா கணக்கப்பிள்ள ஒத்துக்குவாரா? என் பேர வெட்டிருவாரு, அன்னைக்குச் சம்பளம் இல்ல. வேல வாங்குறதுக்கு ஒவ்வொருத்தரா எண்ணத் தெரியுது. மத்ததுக்கெல்லாம் மொத்தமா ஒண்ணு."

"இது வெறும் பாட்டு அக்கா," என்றார் கஜேந்திரன்.

"வெறும் பாட்டுக்கே ஒண்ணுன்னா?"

லியனார்ட் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பட்டியல்களும் அவருக்கு மனப்பாடம். தனித்தனியாக எண்ணினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். மற்ற ஐந்து பேரும் 'நோர்த் பியர்' அல்பத்தைக் 'கோல்ட் கிச்சன்' அல்பத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள், அது விழும்.

"எனக்கும் வீரம்மா அக்காவுக்கும் ஒரே ரசனைன்னு எழுதி அனுப்பச் சொல்றாங்க," என்றார் கடைசியில். "அதுக்கு நான் அந்த கசெட்டையெல்லாம் ஆத்துல வீசிரலாம். ஞாயித்துக்கிழம கொழும்புல முடிவு சொல்றாங்க. பகல் வரைக்கும் நேர்லயும் வோட்டு போடலாமாம். ஏழு பேரும் போவோம்."

"போயி?"

"போயி முன்னால நிப்போம். எங்கள ஒண்ணாக்கிக் காட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார்கள். வட்டவளை தாண்டும்வரை மழை. கினிகத்தேனையில் பஸ் நின்றபோது கஜேந்திரன் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்து, இன்னும் நேரம் இருக்கிறது, பிரியந்திக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று லியனார்டின் காதில் சொன்னார். லியனார்ட் வடையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மண்டப வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அவர்தான் பிரியந்தி. வரிசையில் கறுப்பு டீஷேர்ட் போட்ட ஆண்கள். சேலை கட்டி, கையில் குடையோடு நின்ற வீரம்மாவை அவர்கள் யாருடைய அம்மாவோ என்று நினைத்து வழி விட்டார்கள். வீரம்மா நகரவில்லை.

ஏழு அடையாள அட்டைகள் மேசைமேல் வந்தன. பிரியந்தி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே முகவரி.

"நான் நம்புறேன்," என்றார். "ஆனா விதியில முகவரின்னுதான் இருக்கு. உங்களுக்காக மாத்தினா மத்தவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்றார் லியனார்ட். "எங்களுக்கு வீட்டு இலக்கம் கொடுக்காதது நாங்க இல்ல. யாரோ செய்யாம விட்ட வேலைக்கு நாங்க எதுக்கு ஒரு ஆளாகணும்? ஏழு பேர் நிக்கிறோம். பட்டியல் உங்க கையில இருக்கு. எங்கள விசாரிங்க."

பிரியந்தி முன்னால் நின்ற வீரம்மாவையே கேட்டார். "நோர்த் பியர் ஏன் கடைசி?"

வீரம்மாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். சோறு குழைவதைப் பற்றி அதில் சொன்னார். கிட்டாரைத் தடவுவதைக் கையால் செய்து காட்டினார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அந்த கிட்டார்தான் அந்தப் பாட்டே," என்றார். "கடலலை வந்து திரும்புற மாதிரி அது."

"அலை திரும்பிப் போகும். இவன் போக மாட்டேங்கிறானே."

"ஐயா சொல்றதக் கேளுங்க அக்கா," என்று லியனார்ட் இடையில் நுழைந்தார். "இத்தன வருசமா நான் சொன்னதும் இதுதான்."

"இத்தன வருசமா நான் கேட்டதும் இதுதான்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டா இப்படித்தான் இருக்கும்."

"அப்ப சுவத்தக் கூரை வரைக்கும் கட்டச் சொல்லு."

சுலக்ஷனா கீபோர்ட் பெண்ணைப் பற்றித் தொடங்கினாள். 'கோல்ட் கிச்சன்' ரசிகர் ஒருவர் அவளோடு மல்லுக்கு நின்றார். கஜேந்திரன் இரண்டு பக்கமும் பேசினார். வரிசை குலைந்து மேசையைச் சுற்றி ஒரு கூட்டமாகிவிட்டது. லியனார்ட் அந்தப் பெரிய மனிதரோடு சேர்ந்துகொண்டு தன் பக்கத்து வீட்டுக்காரியை எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்தார். எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டவர் போல இருந்தார்.

பிரியந்தி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து, நீக்கியிருந்த ஏழு பட்டியல்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். சேர்க்கும்போது அந்தந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் சண்டையை நிறுத்திக் கையைத் தூக்கிவிட்டு மறுபடியும் சண்டைக்குத் திரும்பினார்.

பிற்பகல் முடிவைத் திரையில் போட்டார்கள். 'கோல்ட் கிச்சன்' முதலாவது. 'நோர்த் பியர்' சிறு வித்தியாசத்தில் இரண்டாவது. 'பேப்பர் ஹோர்ஸஸ்' சரித்திரத்தில் முதல் தடவையாகக் கடைசி இடத்தை விட்டு ஒரு படி ஏறியிருந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் கூச்சலிட்டார்கள். சுலக்ஷனா எழுந்து நின்று கைதட்டினாள், திரும்பிப் பார்த்தவர்களையெல்லாம் பார்த்துக் கொண்டே.

வெளியே வரும்போது பிரியந்தி லியனார்டின் அருகில் வந்தார். "ஒண்ணா அனுப்பியிருந்தா உங்க அல்பம்தான் முதலாவது."

"தெரியும் மிஸ்."

"கவலை இல்லையா?"

"ஏன் இல்லாம? வயிறு எரியுது." லியனார்ட் படியிறங்கினார். கீழே வீரம்மா குடையை விரித்துக்கொண்டு அவருக்காக நின்றார். "அக்கா," என்றார் லியனார்ட், "உங்களுக்குக் காதே கெடையாது."

"எனக்கு இருக்கிறது எனக்குப் போதும்," என்றார் வீரம்மா. "நட, பஸ்ஸு போயிரும்."