ராப்போஜனத்துக்குப் பூட்டும் கதவு

வந்திருந்தவர்கள்: போதகர் ஆர்தர், சபைக் கமிட்டியின் தலைவர். அவருக்கு ஓட்டு கிடையாது, சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் உண்டு. மூத்த மூப்பர் ஜெபதாஸ், சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். கோயில் சாவி அவரிடம். பாலையா, தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாக வந்ததில்லை, எந்தக் கூட்டத்தையும் சீக்கிரம் முடிய விட்டதுமில்லை. ஜெயகுமாரி டீச்சர், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை, அந்தக் கமிட்டிக்கு வந்த முதல் பெண்.

வராதவள்: கிருபாவதி. அவளைப் பற்றித்தான் கூட்டம். அவள் ஜெபதாஸின் தங்கை.

அது எழுபத்துமூன்றாம் வருஷம், ஆவணி மாதம். சனிக்கிழமை மத்தியானம். கோயிலை ஒட்டிய சின்ன அறையில் நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஓடாத மின்விசிறி. ஜெபதாஸின் சட்டைப் பையில் இருந்து ஒரு எறும்பு மேஜைக்கு இறங்கியது. மண்டியில் வேலை செய்கிறவன் உடம்பு எப்போதும் வெல்ல வாசனை அடிக்கும். எறும்புக்கு அது போதும்.

விஷயம் இதுதான். கிருபாவதியை இதே கோயிலில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட முடியவில்லை, அவன் காளஹஸ்தியில் வேறொருத்தியோடு குடும்பம் வைத்தான், பிள்ளைகளும் ஆயிற்று. இவள் நர்சுக்குப் படித்து, திருப்பதி அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்து விவாகரத்து வாங்கினாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பதி பஸ் டிப்போவில் மெக்கானிக் இயேசுதாசன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், அவளைக் கேட்கிறார். கல்யாணம் இந்தக் கோயிலில் நடக்க வேண்டும் என்று இருவரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கோயில் மறுத்தால் ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கிறது. ஆனால் சபைக்கு வெளியே கட்டிக்கொண்டவர்களுக்கு ராப்போஜனம் இல்லை என்பது அங்கே பழைய சட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால், அப்படிப்பட்டவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதன் பிறகு மூத்த மூப்பர் உள்ளிருந்து கதவைப் பூட்டுவார். துரைமார் காலத்தில் எவனோ குடிகாரன் தெருவில் இருந்து நேரே உள்ளே வந்து பாத்திரத்தைக் காலி செய்துவிட்டானாம். அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். பூட்டு மட்டும் நின்றுவிட்டது.

"கோர்ட்டு வெட்டி விட்டுச்சி, சரி" என்றார் பாலையா. "ஆண்டவர் முன்னால சொன்ன வாக்க ஜட்ஜு எப்படி வெட்டுவாரு? நாம பரிசுத்தத்த விட்டுட்டா அப்புறம் எதுக்குக் கோயிலு? கல்யாண மண்டபம்னு போர்டு மாட்டிக்கலாம்."

"வாக்க வெட்டினது ஜட்ஜு இல்ல. காளஹஸ்தில குடும்பம் நடத்திக்கினு இருக்கறவன்" என்றார் ஜெயகுமாரி டீச்சர்.

போதகர் மெதுவாகப் பேசுகிறவர். "நம்ம ஆண்டவர் குஷ்டரோகியத் தொட்டார். அவர் அசுத்தமாகல, அவன் சுத்தமானான். பரிசுத்தம் அப்படிப்பட்டதுன்னா நாம எதுக்குப் பயப்படணும்? அன்புக்கு மேல என்ன பரிசுத்தம் இருக்கு?"

எல்லோரும் ஜெபதாஸைப் பார்த்தார்கள். அவர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றார். "ஆண்டவர் ஒரு ஜனத்துக்கு வாக்கு கொடுத்தாரு. அவங்க ஓடிப் போனாங்க. இவரு வேற ஜனத்தப் பாத்துக்கினு போகல. நின்னாரு. கல்யாணம்னா அதோட சாயல்னு எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. ஒருத்தன் ஓடினா இன்னொருத்தர் நிக்கணும். வலிக்கும். வலிக்கலன்னா அது வெறும் தாட்சணியம்."

"ஆண்டவருக்குக் காய்ச்சல் வராது மூப்பரே" என்றார் டீச்சர். "தங்கச்சிக்கு வரும். பக்கத்துல யாரு உக்காருவா?"

ஜெபதாஸின் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மறுமணம் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். தனக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொண்டதில்லை. அதை டீச்சரும் அறிவார்.

"நீங்க அண்ணன்" என்றார் போதகர். "ஓட்டு போடாம விலகிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அறைக்குள் எல்லோருக்கும் கணக்கு புரிந்தது. ஜெபதாஸ் விலகினால் பாலையா ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். முடிவு போதகர் கைக்குப் போகும். போதகர் சரி என்பார். சும்மா இருந்தாலே தங்கைக்குக் கல்யாணம் நடந்துவிடும், யாரிடமும் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை.

ஜெபதாஸ் விலகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்ற பக்கம் கை தூக்கினார்.

பாலையாவே ஒரு நொடி திகைத்துப் போனார். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்படியில் நின்று, திரும்பாமல் கேட்டார்:

"பரிசுத்தம் உங்களுது. சரி. வெலய மட்டும் அவ குடுக்கணுமா?"

*

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஜெபதாஸ் திருப்பதி பஸ் ஏறினார். தபாலில் போகிற சமாசாரம் இல்லை. புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது ஒரு குடும்பம் மொட்டையடிக்கப் பிள்ளையோடு ஏறியது. பிள்ளை அவர் சட்டைப் பையை மோப்பம் பிடித்துச் சிரித்தது. மடியில் காகிதத்தில் சுற்றிய வெல்ல உருண்டை இருந்தது. தங்கையைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போனதில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தார், ஆனால் கை பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டது.

நர்சுகளுக்குக் கொடுத்த வீடு, ஒரே அறை. காலை டூட்டி முடித்து வந்திருந்த இயேசுதாசன் ஒரு ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். கிருபாவதி கதவைத் திறந்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. இருந்தாலும் ஜெபதாஸ் ஒன்று விடாமல் சொன்னார்.

"நீ ஓட்டு போடாம இருந்திருந்தா?"

"நடந்திருக்கும்."

"தெரிஞ்சிதான் போட்டியா?"

"தெரிஞ்சிதான் போட்டேன்."

இயேசுதாசன் ஸ்டவ்வில் இருந்து தலை தூக்கினார். தெலுங்குக்காரர்கள் நடுவிலேயே வளர்ந்தவர், பெண்டாட்டியின் அண்ணனாக வரப்போகிறவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவார். "வெல்லத்தையும் கொண்டாந்து கசப்பையும் கொண்டாந்தீங்களே பாவா. ரெண்டுல ஒண்ண மண்டிலயே வெச்சிட்டு வரக்கூடாதா?"

ஜெபதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

கிருபாவதி சிரிக்கவில்லை. வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பக்கத்து வீட்டு ஸ்டவ்வில் காப்பி வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனுக்கு முதலில் கொடுத்தாள்.

"நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம். வருவியா?"

"வரமாட்டேன்."

"தெரியும். கேட்டு வெச்சேன்." கொஞ்ச நேரம் தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கல்யாணம் எங்க நடந்தா என்னாண்ணா. எனக்கு அது இல்ல. மாசா மாசம் நீ பாத்திரம் எடுத்துக்கினு வரிசையா வருவ. என்னாண்ட வந்ததும் லேசா சாய்ச்சிக் குடுப்ப, எனக்கு மட்டும் ஒரு வாய் கூட வரும். அந்த ஆளு என்ன உட்டுட்டுப் போனப்போகூட, அது இருக்குதுன்னு பஸ் ஏறி வந்துக்கினு இருந்தேன். இனிமே வெளிய வேப்பமரத்தடில நின்னுக்கினு நீ பூட்டறத கேக்கணும்."

"இவரு இருப்பாரில்ல?"

"ஞாயித்துக்கிழம காலைல இவருக்கு டூட்டி. பஸ்ஸுக்கு ஏது ஓய்வு நாளு. தனியாத்தான் நிக்கணும்."

"அப்போ வராத."

"ஏன் வரக்கூடாது? என் கோயிலு அது."

ஜெபதாஸ் காப்பியைக் குடித்து முடித்தார். "துன்னுட்டுப் போ" என்றாள். தின்றுவிட்டே போனார். கோபத்தில் சாப்பிடாமல் போவது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது.

திரும்பி வருகிற பஸ்ஸில் டீச்சர் கேட்டது கூடவே வந்தது. ஓட்டைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. இன்னொரு தரம் கேட்டாலும் அதே கைதான் தூக்குவார். ஆனால் நின்றவர் கதையைக் கமிட்டியில் அவரேதான் சொன்னார். ஆண்டவர் ஓடிப்போன ஜனத்துக்காக நின்றார், சரி. எங்கே நின்றார்? வலியைத் தான் வாங்கிக்கொண்டார், அவர்கள் தலையில் கட்டவில்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சிலுவையில் அறைந்த இடமும் கோயிலுக்குள் இல்லை, ஊருக்கு வெளியே. இதை எத்தனையோ பெரிய வெள்ளியில் அவர் வாயாலேயே வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, கதவையும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

*

ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் நடந்தது. ஜெபதாஸ் அன்றைக்கு மண்டிக்குப் போய் எடை போட்டார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. முதல் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது கிருபாவதி வந்தாள். பஸ்ஸில் நின்றபடி வந்த களைப்பு முகத்தில் இருந்தது, புதுப் புடவை கசங்கியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள். யாரும் நகர்ந்து உட்காரவில்லை, யாரும் பேசவும் இல்லை. டீச்சர் மட்டும் முன் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

போதகர் பிரசங்கம் அன்றைக்குக் குட்டையாக இருந்தது. ராப்போஜன மேஜைமேல் வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் இரண்டு மூப்பர்கள், ஜெபதாஸும் பாலையாவும். வெளியே போக வேண்டியவர்கள் போகலாம் என்று போதகர் வாயால் சொல்வதில்லை. கொஞ்சம் நிறுத்துவார். அன்றைக்கு நிறுத்தியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிருபாவதி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவசரப்படவில்லை. டீச்சர் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

ஜெபதாஸ் வழக்கம்போல் சாவியோடு நடு வழியில் நடந்து வந்தார். பின்னாலேயே பாலையாவும் வந்தார், கதவின் இன்னொரு பாதியைச் சாத்துவது அவர் வேலை. வாசல் தாண்டி, கிருபாவதி வேப்பமரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். முதுகு நேராக இருந்தது. சின்ன வயதில் அழக்கூடாது என்று முடிவு செய்தால் அப்படித்தான் நடப்பாள்.

ஜெபதாஸ் சாவியைப் பாலையாவின் கையில் வைத்தார்.

"இன்னாத்துக்கு?" என்றார் பாலையா, குரலைத் தாழ்த்தி.

"நான் வெளிய போயிக்கினு இருக்கேன். நீ பூட்டிக்கோ."

"நீ எதுக்குப் போற? உன்மேல சபை ஒண்ணும் நடவடிக்க எடுக்கலயே."

"எடுக்கல."

"அப்போ ஓட்ட மாத்திக்கிறியா? அதுக்குக் கூட்டம் போடணும்."

"ஓட்டு ஓட்டுதான். மாத்தல. அவ வெளிய தனியா நிக்கணும்னு நாம தீர்மானம் எழுதலயே பாலையா. எழுதினோமா?"

பாலையா தீர்மானத்தை வார்த்தை வார்த்தையாக யோசித்தார். தாலுகா ஆபீஸ் பழக்கம். எழுதவில்லை.

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும்."

"அது எது வரைக்கும்டா?" பாலையாவின் வாயில் பள்ளிக்கூட நாளைய டா வந்துவிட்டது. பாலையா மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பாத்திரம் தூக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும். உன்னோடத யாரு தூக்கறது?"

"டீச்சர் தூக்கட்டும்."

"பொம்பளயா?"

"கமிட்டில உக்காந்து ஓட்டு போட்டாங்க இல்ல. கைல தெம்பு இருக்குது."

கடைசி பெஞ்சில் இருந்த டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார், புடவைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துக்கொண்டார், யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் மேஜையைப் பார்த்து நடந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த போதகர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜெபதாஸ் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். காலடிச் சத்தம் கேட்டு மரத்தடியில் கிருபாவதி திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள், அவர் காலியான கையைப் பார்த்தாள். குடையை விரித்து, அவர் பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.

அவர் முதுகுக்குப் பின்னால் கதவின் இரண்டு பாதியும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பாலையாவுக்குப் பழக்கமில்லாத சாவி, இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் திரும்பியது. பூட்டு விழுந்தது.