கனம் பத்தல

சுவரில் குத்தியிருந்த தாளின் முன்னால் பேராசிரியர் நின்ற நேரத்துக்கு, ஒரு கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளுக்குக் கல்யாணமே பேசி முடித்திருக்கும். பின்னால் நின்ற பென்சிலுக்குக் கால் மரத்துப்போயிற்று. ஒல்லி உடம்புக்காகக் கல்லூரி வைத்த பெயர் அது. வடிவமைப்புப் படிப்பில் மூன்றாம் வருடம். ஆஸ்பத்திரி வார்டில் மாட்டுகிற மாதிரி 'அமைதி காக்கவும்' என்றொரு பலகை செய்ய வேண்டும். இதில் தேறாவிட்டால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

"ம்ஹூம்" என்றார் கடைசியில். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ம்ஹூம் சார்தான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. கனம் பத்தல."

எழுத்து வரைகிறவர்களுக்குக் கனம் என்றால் கோட்டின் தடிமன். பென்சிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் எழுத்துகளுக்குத் தீனி போட ஆரம்பித்தாள். 'அ'வுக்குத் தொந்தி விழுந்தது. 'மை'யின் சுழிகள் சளி பிடித்த மூக்குபோல அடைத்துக்கொண்டன. 'கா'வின் கால் யானைக்கால் ஆயிற்று. கடைசி 'ம்'மின் தலையில் இருந்த புள்ளி, விழுந்தால் ஆள் காலி என்கிற அளவுக்கு ஊதிவிட்டது. வேலையிலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எழுத்துக்கெல்லாம் நீர் கோத்துக்கிச்சா?"

"கனம் வேணுமாம்ப்பா."

"குடுத்துத் தொலை. இந்த வருஷத்தோட முடிஞ்சிரும்ல?"

அவள் 'ம்'மின் புள்ளியை இன்னும் கொஞ்சம் ஊதவைத்தாள்.

அடுத்த வாரம் ம்ஹூம் சார் தாளைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "ஏம்மா, அமைதியா இருங்கன்னு இப்படிக் கத்துற?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நீங்கதான சார் கனம் பத்தலன்னீங்க."

"அந்தக் கனம் இல்லம்மா. ஒரு பெரிய மனுஷன் வந்து ஒண்ணும் பேசாம நிப்பாரு பாரு, அப்பவே ரூம் அடங்கிடும். அந்தக் கனம்."

வெளியே வந்ததும், எதையாவது ஒட்டிக்கொண்டே இருக்கும் தோழி கோந்து ஆறுதல் சொன்னாள். "பேசாம ஒரு பெரிய மனுஷன் போட்டோவ ஓரமா ஒட்டிவிட்டுருடி. மீசை வச்ச ஆளாப் பாத்து."

பென்சில் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது.

பழைய மெலிந்த எழுத்துக்கே திரும்பினாள். வரியை ஒரு நூலளவு மேலே ஏற்றினாள், இறக்கினாள். நீலத்தைக் கறுப்பாக்கினாள், கறுப்பு சாவு வீடுபோல இருக்கவே மறுபடி நீலத்துக்கு வந்தாள். பார்க்கப் பார்க்க 'அமைதி' என்பது வார்த்தையாகவே இல்லை; வரிசையாகப் போகும் ஏதோ பூச்சிகளாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கோட்டைப் போட்டால் உள்ளே ஒருத்தி 'நல்லாருக்கு' என்றோ 'அழி' என்றோ சொல்லிவிடுவாள். அவளைத்தான் இப்போது காணோம். தேறுகிறோமோ இல்லையோ, அவள் திரும்பி வராமல் போனால் என்ன செய்வது என்றுதான் பென்சிலுக்குப் பயமாக இருந்தது.

மதிப்பெண் போடும் நாளில் தாளைக் குத்திவிட்டு, ம்ஹூம் சார் வாயைத் திறக்கும் முன்பே சிவப்புப் பேனா ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"சார், எங்க பத்தலன்னு ஒரு வட்டம் மட்டும் போட்டுக் குடுங்க. அந்த எடத்த நான் சரி பண்ணிக்கிறேன்."

கோபமில்லை. பஞ்சர் கடையில் ஓட்டை எங்கே என்று கேட்கிற குரல்தான்.

அவர் மூடியைக் கழற்றினார். பேனா 'அ'வுக்கு மேலே காற்றில் சுற்றியது, தாளில் இறங்கவில்லை. 'கா'வுக்குப் போனது, தயங்கியது, கீழே எழுத்தே இல்லாத வெள்ளைக்கு வந்து நின்றது. வகுப்பு மொத்தமும் மூச்சை அடக்கியதில் மின்விசிறியே தன் சத்தத்துக்கு வெட்கப்பட்டிருக்கும்.

"எங்கன்னு எனக்கும் தெரியலம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்களும் சிவந்து கிடந்தன. "பத்தலங்கறது மட்டும் தெரியுது. பொய் சொல்லச் சொல்றியா?"

அவர் கை அசந்ததோ என்னவோ, பேனா முனை தாளில் பட்டுவிட்டது. மிளகளவு சிவப்பு. அது மெல்ல ஊறி விரிந்தது.

"ஐயையோ" என்றாள் கோந்து.

"தப்பா எடுத்துக்காதம்மா, கை தவறி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஓரடி பின்னால் வந்தார். தலையை இடப்பக்கமாகச் சாய்த்தார். இந்த முறை 'ம்ஹூம்' வரவில்லை. பின்வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. பிறகு கோந்துவின் தலை. பிறகு காற்றடித்த வயல்போல வகுப்பு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரும் போடாத அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பென்சில் மட்டும் விறைப்பாக நின்றாள். கழுத்து வலித்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு அவள் தலையும், அவளைக் கேட்காமலே, மெதுவாகச் சாயத் தொடங்கியது.