வாளைப்பளச் சுருள்

பழைய பாட்டுச் சுருளை எவர் வாங்குகிறாரோ, அவர் வீட்டில்தான் அதில் பாடியவர் குடியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். முழுநீளப் படத்திற்கு முன்னர் ஓட்டப்பட்ட மூன்று நிமிடச் சுருள்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

என் மனைவி செண்பகவல்லி, திருமணத்திற்கு முன் அத்தகைய சுருள் ஒன்றில் பழக்காரியாக நடித்துப் பாடியிருந்தாள். சாத்தூர்ப் பெண்ணாதலால் வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்று பாடிவிட்டாள். அரங்கம் சிரித்தது; ஒரே காட்சியுடன் சுருளை நிறுத்திவிட்டார்கள். அதனாலேயே சேகரிப்பாளர் தாண்டவமூர்த்தி அதை ஊர் ஊராகத் தேடி வாங்கினார். செண்பகவல்லி பெட்டி கட்டிக்கொண்டு சென்றாள்.

வழக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. பாடியவரின் பேச்சு சுருளோடு ஒத்துவராவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மணநாள் முதல் அவளுடைய ழகரத்தை நான் திருத்தி வந்திருக்கிறேன். அவள் காய்ச்சலில் பிதற்றியபோதும் திருத்தியிருக்கிறேன். ஆகவே அவளை அழைத்துவர நம்பிக்கையோடு சென்றேன்.

“இவள் இப்போது பிழையின்றிப் பேசுகிறாள். சுருளில் இருப்பவள் இவளல்லள்” என்றேன்.

தாண்டவமூர்த்தியின் முகம் வாடியது. “ஐயோ, ரிப்பேர் பண்ணிட்டீங்களா சார்? சரியாப் பாடுறவங்கதான் ஊரெல்லாம் கிடக்குறாங்களே! யாருக்கும் வேணாம்னு ஒதுக்குனதுதான் சார் எங்களுக்கு உசுரு.”

சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். “அம்மா, இது என்னன்னு சொல்லுங்க.”

செண்பகவல்லி பழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வாளைப்பளம்.”

“செண்பகம், நாக்கை மடித்து...”

“மடிச்சது போதுங்க. உங்க தமிளை நீங்களே வச்சுக்கோங்க.”

“தமிள்!” என்று தாண்டவமூர்த்தி கண்களை மூடி உருகினார். “கேட்டீங்களா சார்? தமிள்!”

அவள் பழத்தை உரித்துத் தின்னத் தொடங்கினாள். எனக்குத் தரவில்லை.

சுருளின் இறுதியில், எவரும் தோன்றாத வெற்றுப் பகுதி சிறிது இருந்தது. வழக்கப்படி அது கணவனுக்கு உரியது. தாண்டவமூர்த்தி கத்தரித்துக் கொடுத்தார்; வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதில் தோன்றாதவர் குடிவரும் முறையும் அன்றே நிறைவேறியது. மாலையில், கூடத்தில் பெட்டியை இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். எவரும் இல்லை.

“தங்களை உயர்திணையில் குறிப்பிடுவதா, அஃறிணையில் குறிப்பிடுவதா?” என்று கேட்டேன்.

“பன்மையில் சொல்லுங்க. பிள்ளைங்க நாளைக்கு வர்றாங்க” என்று பதில் வந்தது.

இன்னும் ஓர் ஆழாக்கு அரிசியை அளந்து வைத்தேன்.