பாலத்தின் மேல் விழுந்த முத்திரை

ஓவியர் தாவ் ஷிலின் தான் வரைந்த மலைக்குள் நடந்து போனது, சீனத்துச் சூச்சோ நகரில் முட்டைக்கோஸ் விலை சரிந்த வாரத்தில். பதினெட்டு முழக் காகிதச் சுருளில் தான் போட்ட மூங்கில் பாலம் ஆள் பாரம் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மனைவி ரூவானிடம் சொல்லி, தூரிகையைக்கூடக் கழுவாமல் இறங்கிவிட்டார். பாலம் தாங்கியது. அக்கரைக் காற்று சுகமாக இருக்கவே, மனுஷன் நாலு மாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ரூவான் தினமும் சுருளை வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பார்த்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே போய், அவரைக் கண்டுபிடித்துக் கத்துவாள்.

"ஏங்க, வீட்டு நெனப்பு இருக்கா இல்லையா? கூரை ஒழுகுது!"

"இந்தா, நாளைக்குக் கெளம்பிடுறேன்" என்பார் எறும்பளவு தாவ்.

அவர் உண்மையாகவே கிளம்பிய நாளில்தான், படத்தை வரையச் சொன்ன பழைய அதிகாரி கெங் பார்க்க வந்து தொலைத்தார். பிடித்த படத்தில் ரசிகர்கள் தங்கள் பெயர் வெட்டிய சிவப்பு முத்திரையைப் பதிப்பது வழக்கம். கெங்குக்கோ அது சொறிபோல அடங்காத பழக்கம். வானத்தில் ஏழு, அருவியில் மூன்று ஏற்கெனவே குத்தியிருந்தார். பதினொன்றாவதைப் பாலத்தின் நட்டநடுவில் அழுத்தினார். சிவப்புச் சதுரம் மதிலாக நின்றது. ஆற்றின் ஆழத்தைத் தாவே அடர்ந்த மையில் வரைந்திருந்தார், நீச்சலும் தெரியாது.

"ஐயா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க! என் புருஷன் எப்படி வருவாரு?"

"ரசனையே இல்லாம பேசாதம்மா. அந்த எடத்துக்குச் செவப்பு எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு!"

தாவின் நண்பர்களான மூன்று ஓவியர்கள் வந்தார்கள். ஒரு படகு வரைந்தால் போதும் என்று ரூவான் கேட்டதும், அதைப் பழைய பாணியில் வரைவதா புதிய பாணியில் வரைவதா என்று பத்து நாள் வாதாடி, தேநீரை எல்லாம் தீர்த்துவிட்டு, அடுத்தவர் படத்தில் கை வைப்பது முறையல்ல என்று எழுந்து போனார்கள். அக்கரையில் தாவ் இளைத்துக்கொண்டே வந்தார். ரூவானுக்கு எரிச்சலைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. காய்ந்து விறைத்துக் கிடந்த அதே தூரிகையை நனைத்து, அழுதுகொண்டே வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றை வரைந்தாள். அது பிய்ந்த செருப்பு மாதிரி இருந்தது. ஆனால் மிதந்தது.

மூன்றாம் நாள் மதியம் தாவ் மேசை ஓரத்தில் நனைந்த காலோடு இறங்கினார்.

"இதுக்குப் பேரு படகா? எது முன்பக்கம், எது பின்பக்கம்?"

"மொதல்ல அந்தத் தூரிகையக் கழுவுங்க."

கழுவினார். பிறகு கூரைக்கு ஏறினார். அடுத்த மாதம் கெங் வந்து, தாவ் வரைந்ததிலேயே உச்சம் இந்தப் படகுதான் என்று உருகி, பன்னிரண்டாவது முத்திரையை அதன் மேல் குத்தினார். படகில் அப்போது ஆள் யாரும் இல்லாததால் கணவனும் மனைவியும் சும்மா இருந்துவிட்டார்கள்.